மூலத்திலிருந்து கட்டிய கருவி: கட்டற்ற தொகுப்பிகளின் வரலாறும் யாழ்ப்பாணக் குடாநாடும்

ஒரு தொழிலின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அத்தொழில் ஈந்த பொருள்களையே எண்ணிக் கூறுவர். அப்பொருள்களைச் செய்த கருவிகள் இரண்டாம் இடத்தையே பெறுகின்றன. அக்கருவிகளைச் செய்த கருவிகளோ பேசப்படுவது அரிது. கணனியின் வரலாறும் இதற்கு விலக்கன்று. இயந்திரங்கள், நிறுவனங்கள், செல்வந்தர்கள் ஆகியோர் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பல. மனிதர் எழுதும் நிரலை இயந்திரம் விளங்கும் நிரலாக மாற்றித் தரும் தொகுப்பி பற்றியும், அந்நிரல் பிழைபடும்போது பிழை நிகழ்ந்த இடத்தைக் காட்டும் வழுநீக்கி பற்றியும் தமிழில் எழுந்த வரலாற்றுக் கட்டுரைகள் மிகச் சிலவே. இவ்விரண்டும் இன்றேல் கணனியில் இயங்கும் ஏனைய எதுவும் இல்லை என்பதை நோக்குமிடத்து இக்குறை சிறியதன்று.

யாழ்ப்பாணக் குடாநாட்டு வாசகருக்கு இவ்வரலாறு வேறொரு காரணத்தாலும் நெருக்கமானது. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் போர் மீண்டும் மூண்டதும் குடாநாட்டுக்கான மின்சாரம் நின்றது. பெற்றோல், மின்கலம், சீமெந்து முதலான பொருள்களின் வரத்துத் தடுக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் சிறிதளவு பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களையும், துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றிக் கேட்ட வானொலியையும், ஜாம் போத்தல் விளக்கையும் குடாநாட்டில் வாழ்ந்த எவரும் மறந்திருக்கமாட்டார். அக்காலத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். திறந்து பார்க்கக்கூடிய, உள்ளமைப்பை உள்ளூர்க் கம்மியன் அறிந்திருந்த இயந்திரங்கள் எவ்வாறேனும் ஓடின. மூடி முத்திரையிடப்பட்டு, உதிரிப் பாகத்துக்குக் கொழும்பையோ வெளிநாட்டையோ நம்பியிருந்தவை முதலாண்டிலேயே ஓய்ந்தன. இதே வேறுபாடு மென்பொருட் கருவிகளிலும் உண்டு. அதன் வரலாறு இதே பத்தாண்டுகளிலேயே கடல்களுக்கு அப்பால் நிகழ்ந்துகொண்டிருந்தது.

தொகுப்பி என்னும் கருத்து 1950களில் உருவானது. 1952 இல் கிறேஸ் ஹொப்பர் ஆக்கிய முயற்சியும், 1957 இல் ஐ.பீ.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு வெளியிட்ட போட்ரான் தொகுப்பியும் அதன் தொடக்கப் படிகள். 1970களின் முற்பகுதியில் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் றிச்சி சி மொழியை வகுத்தார். 1973 இல் யுனிக்ஸ் இயக்கமுறைமை அம்மொழியில் மீள எழுதப்பட்டது. ஓர் இயக்கமுறைமை முழுவதும் ஒரு தொகுப்பியின் தோளில் ஏறிப் பிறிதோர் இயந்திரத்துக்குச் செல்வதற்கு அது வழிவகுத்தது. இதன் மறுபக்கமும் கருதத்தக்கது. தொகுப்பியை வைத்திருப்பவரே இயந்திரத்தின் வாயிலையும் காத்தார். 1980களில் யுனிக்ஸ் இயந்திரங்களை விற்ற நிறுவனங்கள் பல தத்தம் தொகுப்பிகளை இயந்திரநிரலாக மாத்திரமே வழங்கின. வாங்கியவர் அதனைப் பயன்படுத்தலாம்; உள்ளே என்ன நிகழ்கிறது என்று காணவோ, பிழையைத் திருத்தவோ, அயலவருக்குக் கொடுக்கவோ முடியாது.

இந்நிலையை மாற்ற முற்பட்டவர் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்திற் பணியாற்றிய றிச்சாட் ஸ்ரோல்மன். 1983 செப்ரெம்பர் 27 ஆந் திகதி குனூ என்னும் பெயரில் முற்றிலும் கட்டற்ற ஓர் இயக்கமுறைமையை எழுதப்போவதாக அவர் அறிவித்தார். 1984 சனவரியில் தமது பதவியைத் துறந்தார். பதவியில் இருந்தவாறு எழுதினால் நிறுவகம் அதன்மீது உரிமை கோரக்கூடும் என்னும் முன்னெச்சரிக்கையே துறவுக்குக் காரணம்.

முதலிற் தேவைப்பட்டது தொகுப்பி. புதிதாக எழுதுவதற்கு முன் இருப்பதைப் பெறலாமா என்று ஸ்ரோல்மன் தேடினார். அம்ஸ்ரடாம் நகரிலுள்ள சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் ஒரு தொகுப்பித் தொகுதி உண்டென அறிந்து, அதனைத் தமது திட்டத்துக்குப் பயன்படுத்தலாமா என அதன் ஆசிரியரைக் கேட்டார். பல்கலைக்கழகந்தான் சுதந்திரமானது, தொகுப்பி அன்று என்னும் கருத்தில் எள்ளலான மறுமொழி வந்தது. பின்னர் லோறன்ஸ் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் உருவான பாஸ்டல் என்னும் தொகுப்பியைப் பெற்று, அதற்குச் சி மொழிக்கான முன்பகுதியைத் தாமே எழுதிச் சேர்த்தார். அம்முயற்சியும் முறிந்தது. பாஸ்டல், நிரல் முழுவதையும் ஒரே மரவமைப்பாக நினைவகத்தில் ஏற்றிய பின்னரே மாற்றத் தொடங்கியது. அதற்குப் பல மெகாபைற்று அடுக்கிடம் வேண்டியிருந்தது. அவர் கையிலிருந்த 68000 வகை யுனிக்ஸ் இயந்திரம் தந்ததோ 64 கிலோபைற்று. ஆகவே தாம் எழுதிய முன்பகுதியை மாத்திரம் எடுத்துக்கொண்டு ஏனையவற்றை அடியிலிருந்து எழுதினார். பிறரிடம் வாங்க முயன்று இருமுறை தோற்ற பின்னரே உலகின் மிகப் பரந்த தொகுப்பி எழுதப்பட்டது என்பது இவ்வரலாற்றில் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி.

தொகுப்பிக்கு முன்பே, 1986 இல், ஜீ.டீ.பீ. எனப்படும் குனூ வழுநீக்கி வெளிவந்தது. ஜீ.சீ.சீ. எனப்படும் தொகுப்பியின் சோதனைப் பதிப்பு 1987 மார்ச் 22 இலும், 1.0 பதிப்பு மே 23 இலும் வெளியாயின. வாக்ஸ், 68020 ஆகிய இருவகை இயந்திரங்களுக்கு அது நிரல் ஆக்கியது. அதே மே மாதத்தின் இறுதி வாரத்தில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஒக்ரோபரில் இந்தியப் படையுடனான போர் யாழ்ப்பாண நகரின் தெருக்களுக்கு வந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு யாதும் இல்லை. ஆயினும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அவ்வாண்டு பெற்ற கல்வியையும், அவ்வாண்டு உலகில் திறந்துவிடப்பட்ட கல்வியையும் ஒருங்கு வைத்துப் பார்ப்பது வரலாற்று மாணவனுக்குத் தகாத செயலன்று.

அடுத்த பத்தாண்டில் இவ்விடைவெளி விரிந்தது. 1991 இல் பின்லாந்து மாணவர் லினஸ் ரோவல்ட்ஸ் தமது இயக்கமுறைமையின் கருவை அறிவித்தபோது, அதில் ஏற்கெனவே ஓடிய சில மென்பொருள்களுள் ஜீ.சீ.சீ. ஒன்றாயிருந்தது. லினக்ஸ் என்று பின்னர் பெயர்பெற்ற அக்கரு அத்தொகுப்பியாற் கட்டப்பட்டதே. மென்பொருள் எழுதுவோர் இன்ரநெற் வழியே உலகெங்கும் இணைந்து உழைத்த காலம் அது. இலங்கையின் பல்கலைக்கழகங்களை இணைத்த லேர்ன் வலையமைப்பும் ஏறக்குறைய அதே ஆண்டுகளிலேயே தெற்கில் உருப்பெற்றது. தொலைபேசித் தொடர்பும் மின்சாரமும் அறுந்திருந்த குடாநாடு அவ்வலையமைப்புக்குப் புறத்தே நின்றது. 1981 இல் நூலகத்தை எரியக் கண்ட ஒரு சமூகம், 1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதையும் விட்டு ஓரிரவில் வெளியேறிய ஒரு சமூகம், அவ்வாண்டுகளில் தொகுப்பி பற்றி எண்ணியிராமை குறையாகாது. விளைவு மாத்திரம் எஞ்சியது. குனூ கருவிகளின் முதற் பதினைந்து ஆண்டுகளில், அவற்றைச் செய்யும் கைகளோடு தன் கையைச் சேர்க்கும் வாய்ப்புக் குடாநாட்டுக்குக் கிட்டவில்லை.

இனி, மூலத்திலிருந்து கட்டுதல் என்பதன் பொருளை விளக்குதல் வேண்டும். ஏனைய மென்பொருளைக் கட்டுவதற்குத் தொகுப்பி வேண்டும். தொகுப்பியைக் கட்டுவதற்கும் தொகுப்பியே வேண்டும். நெல் இன்றி நாற்று இல்லை, நாற்று இன்றி நெல் இல்லை என்பது போன்ற இச்சுழலை ஜீ.சீ.சீ. மூன்று படிகளாற் கடக்கிறது. கணனியில் முன்பே உள்ள ஏதேனும் ஒரு தொகுப்பி, ஜீ.சீ.சீ. மூலநிரலைத் தொகுத்து முதற்படித் தொகுப்பியைத் தருகிறது. இம்முதற்படி அதே மூலநிரலை மீளத் தொகுத்து இரண்டாம் படியைத் தருகிறது. இரண்டாம் படி மூன்றாம் படியைத் தருகிறது. பின்னர் இரண்டாம் படியும் மூன்றாம் படியும் ஒப்புநோக்கப்படுகின்றன. அவை ஒரே மூலத்திலிருந்து ஒரே மூலத்தின் வழிவந்த கருவிகளால் ஆக்கப்பட்டவை. ஆதலால் இயந்திரநிரலில் வேறுபாடு இருத்தலாகாது. இருந்தால் தொகுப்பி தன்னையே பிழையாக மொழிபெயர்த்திருக்கிறது என்பது தெளிவாகும். ஏடு பெயர்த்தெழுதிய பழைய பதிப்பாசிரியர் பிரதிகளை ஒப்புநோக்கிப் பாடபேதம் கண்டது போன்ற வேலையை இங்கு இயந்திரமே செய்கிறது.

இவ்வேலைக்குச் சில துணைகளும் வேண்டும். 2008 இல் வெளிவந்த 4.3 பதிப்பிலிருந்து, பேரெண் கணிதத்துக்கான ஜீ.எம்.பீ., எம்.பீ.எவ்.ஆர். என்னும் இரு நிரற்றொகுதிகள் இன்றி ஜீ.சீ.சீ. கட்டப்பட மாட்டாது, 2010 இல் மூன்றாவதொன்றும் சேர்ந்தது. 2013 இல் வெளிவந்த 4.8 பதிப்பு இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொணர்ந்தது. அதுவரை சி மொழித் தொகுப்பி ஒன்று இருந்தாற் போதும். அதன்பின் சி பிளஸ் பிளஸ் தொகுப்பி வேண்டியதாயிற்று. வெறுங் கையோடு தொடங்குபவர் முதலில் 4.7 பதிப்பைக் கட்டி, அதனைக் கொண்டு அப்புதிய பதிப்பைக் கட்ட வேண்டியிருந்தது. ஏணியின் கீழ்ப்படி ஒன்றை உயர்த்தினால் ஏறுபவருக்கு இன்னும் ஒரு படி தேவைப்படுகிறது. பராமரிப்போரின் வசதிக்கும் புதியவரின் வசதிக்கும் இடையே உள்ள இம்முரண் இன்றும் தீர்ந்தபாடில்லை.

ஏணியின் அடியில் என்ன இருக்கிறது என்னும் வினா மேலும் கூரியது. யுனிக்ஸை ஆக்கியோருள் ஒருவரான கென் தொம்சன், ரியூறிங் விருதை ஏற்று ஆற்றி 1984 இல் வெளியான உரையில் ஓர் அச்சமூட்டும் வாய்ப்பை எடுத்துக்காட்டினார். தொகுப்பி ஒன்றினுள் களவு வாயில் ஒன்றை வைக்கலாம். அத்தொகுப்பி, தன்னுடைய மூலநிரலைத் தொகுக்கும்போது அதனை இனங்கண்டு, களவு வாயிலைப் புதிய தொகுப்பிக்குள்ளும் புகுத்துமாறு செய்யலாம். அதன்பின் மூலநிரலிலிருந்து அவ்வாயிலை அழித்துவிடலாம். மூலத்தை எவர் எத்துணை ஊன்றிப் படித்தாலும் எதுவும் தென்படாது; தலைமுறை தலைமுறையாகக் களவு தொடரும். மூலம் கையில் இருந்தால் எல்லாம் கையில் இருப்பதாக எண்ணியோரை இவ்வுரை திடுக்கிட வைத்தது.

இதற்கான மறுமொழி வர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சென்றன. டேவிட் வீலர் 2005 இல் முன்வைத்து 2009 இல் தமது கலாநிதிப்பட்ட ஆய்வில் விரித்துரைத்த முறை, தொடர்பற்ற வேறொரு தொகுப்பியாலும் அதே மூலத்தைத் தொகுத்து, இருவழி வந்த முடிவுகளை ஒப்பிடுவது. இரு சாட்சிகளைத் தனித்தனியே விசாரிக்கும் நீதிமன்ற முறையை இது ஒத்தது. வேறு சிலர் ஏணியின் அடியையே சுருக்க முனைந்தனர். 2023 இல் குனூ கைக்ஸ் திட்டத்தினர், 357 பைற்று அளவான ஒரு சிறு நிரலிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறி ஜீ.சீ.சீ.யையும் அதற்கு மேலுள்ள முழு முறைமையையும் கட்டிக் காட்டினர். 357 பைற்று என்பது தமிழில் ஒரு வெண்பாவையும் அதன் பொழிப்புரையின் சில சொற்களையும் சேமிக்கத் தேவையான இடத்துக்கு அண்ணளவாக நிகரானது. மனிதர் ஒருவர் தம் கண்ணாற் படித்து முடிக்கக்கூடிய அளவு அது.

வழுநீக்கியின் கதை அடக்கமானது. ஆயினும் தமிழ் மாணவருக்குச் சுவையானது. ஆங்கிலேயர் பூச்சி என்று சொல்லும் இடத்தில் தமிழர் வழு என்கின்றனர். 1947 இல் ஹாவர்ட் பல்கலைக்கழகக் கணனியில் சிக்கிய விட்டிற்பூச்சி அவ்வாங்கில வழக்கைப் பரப்பியது என்பர். எனினும் எடிசன் காலத்துப் பொறியியலாளரிடமே அவ்வழக்கு இருந்தது. தமிழ்ச் சொல்லின் பின்னணி வேறு. சொல்லதிகாரம் படித்தோர் வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் பாகுபாட்டை அறிவர். வழுவெல்லாம் நீக்கத்தக்கதன்று, சில அமைத்துக்கொள்ளத்தக்கவை என்ற இலக்கண ஆசிரியரின் நோக்கு, பழைய நிரல்களைப் பேணுவோருக்கு நன்கு பழகிய நோக்கே. கலைச்சொல்லாக்கியோர் இச்சொல்லைத் தெரிந்தது பொருத்தமுடையது. வழுநீக்கி என்னும் தொடர்தான் சற்றே மிகை: அக்கருவி எவ்வழுவையும் நீக்குவதில்லை, காட்டுகிறது. வழுக்காட்டி என்று பெயரிட்டிருந்தால் பிழை குறைந்திருக்கும்.

அது காட்டும் முறையும் எளிதே. நிறுத்த வேண்டிய இடத்திலுள்ள இயந்திரக் கட்டளையை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் ஒரு பொறிக் கட்டளையை வைக்கிறது. ஓடிவரும் நிரல் அப்பொறியிற் காலை வைத்ததும் கட்டுப்பாடு வழுநீக்கியின் கைக்கு வருகிறது. பின்னர் பழைய கட்டளை இருந்த இடத்தில் மீள வைக்கப்படுகிறது. ஆனால் இயந்திரம் நின்ற இடம் மூலநிரலின் எவ்வரிக்கு உரியது என்பதைத் தொகுப்பியே எழுதிவைத்தல் வேண்டும். ஆகவே இவ்விரு கருவிகளும் ஒன்றையொன்று விட்டு வாழ இயலாதவை. இக்குறிப்பை எழுதும் பழைய வடிவமான ஸ்ராப்ஸ் 2023 இல் வெளிவந்த ஜீ.சீ.சீ. 13 பதிப்பில் நீக்கப்பட்டு, ட்வாவ் என்னும் வடிவம் நிலைபெற்றது. 2009 இல் ஜீ.டீ.பீ. 7.0 பதிப்பு, ஓடிய நிரலைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கும் ஆற்றலையும் பெற்றது.

எழுதுவது ஒருவரால் இயலும்; பேணுவது ஒருவரால் இயலாது. ஜீ.சீ.சீ.யின் பிற்கால வரலாறு முழுவதும் இக்கூற்றுக்கு உரையாக அமைகிறது. 1989 இல் மைக்கல் ரீமன், ஜோன் கில்மோர், டேவிட் ஹென்கெல்-வொலஸ் ஆகிய மூவரும் சிக்னஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். மென்பொருளை விற்காது, கட்டற்ற மென்பொருளைப் பேணித் தரும் உழைப்பை விற்பது அதன் தொழில். இது பிழைக்குமா என ஐயுற்றோர் பலர். பிழைத்தது மாத்திரமன்றி 1999 இல் றெட் ஹற் நிறுவனம் அதனை வாங்குமளவுக்கு வளர்ந்தது. இதற்கிடையில் குனூ தலைமையின் கீழ் அதிகாரபூர்வப் பதிப்பு மெதுவாக நகர்ந்தது. திருத்தங்கள் சேர்க்கப்படாது தேங்கின. 1997 ஓகஸ்ற்றில் ஒரு பகுதியினர் பிரிந்து எக்ஸ் என்னும் கிளையை நிறுவினர். கட்டற்ற மென்பொருளின் உரிமம் அத்தகைய பிரிவை அனுமதித்தது. அதுவே பிணக்கைத் தீர்த்தும் வைத்தது. 1999 ஏப்ரலில் கிளையே மரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. மடங்களும் சங்கங்களும் பிளவுபட்டால் மீள ஒன்றாவது தமிழ்ச் சூழலில் அருமை. இங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் அது நிகழ்ந்தமைக்குத் தனிப்பட்ட பெருந்தன்மையைக் காட்டிலும், மூலம் இரு தரப்பினருக்கும் பொதுவாக இருந்தமையே காரணம் எனலாம்.

2000 இன் இறுதியில் இலினோய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லற்னரும் அவருடைய ஆசிரியர் விக்ரம் அட்வேயும் தொடங்கிய எல்.எல்.வீ.எம். திட்டம் இன்னொரு பெருங் கிளை. தொகுப்பியின் உறுப்புகளைத் தனித்தனியே கழற்றிப் பிற வேலைகளுக்கும் பயன்படுத்தத்தக்கவாறு அது அமைந்தது. 2007 இல் கிளாங் என்னும் முன்பகுதியும், 2010 இல் எல்.எல்.டீ.பீ. என்னும் வழுநீக்கியும் திறந்த மூலமாக வெளிவந்தன. போட்டியினால் ஜீ.சீ.சீ. கெடவில்லை, அதன் பிழைச் செய்திகள் தெளிவுற்றதற்குக் கிளாங் தந்த நெருக்குதல் ஒரு காரணம் என்பதைப் பலரும் ஒப்புவர்.

பேணுதல் எத்தகைய உழைப்பு என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். ஜீ.சீ.சீ. பிறந்தபோதே ஆதரித்த 68000 குடும்பம் பின்னாளில் வழக்கொழிந்தது. பழைய அமீகா, அற்றாரி கணனிகளின் ஆர்வலரே அதனைப் போற்றினர். நிபந்தனைக் குறிகளைக் கையாண்ட ஒரு பழைய உள்முறை அகற்றப்படவிருப்பதாகவும், புதிய முறைக்கு மாற்றப்படாத இயந்திரங்கள் கைவிடப்படும் எனவும் 2019 இல் அறிவிக்கப்பட்டது. 68000 அப்பட்டியலில் இருந்தது. ஆர்வலர் தம்முள் பணம் சேர்த்துப் பரிசு அறிவித்தனர், பேண்ட் ஸ்மிட் என்னும் அனுபவமிக்க நிரலாளர் அம்மாற்றத்தைச் செய்து முடித்தார், இயந்திரம் தப்பியது. ஒரு கோடி வரிகளை விஞ்சிய மூலநிரலில் ஓர் இயந்திரத்தின் வாழ்வு, அதனைத் தன் பொறுப்பென ஏற்க ஒருவர் இருக்கிறாரா என்பதிலேயே தங்கியிருக்கிறது. மொழிகளுக்கும் இதே விதி பொருந்துவதைப் பின்னர் காணலாம்.

தென்னாசியாவில் இக்கருவிகளை உள்ளிருந்து பேணியோர் உளர். புனே நகரின் கே.பீ.ஐ.ரி. நிறுவனம் றெனேசாஸ் நிறுவனத்தின் நுண்செயலிகளுக்கான குனூ கருவிகளைக் கட்டிப் பல ஆண்டுகள் இலவசமாக வழங்கியது. மும்பாயிலுள்ள இந்தியத் தொழினுட்ப நிறுவகத்தில் உதய் கேட்கர் வழிகாட்டலில் ஜீ.சீ.சீ. வள நிலையம் இயங்கி, அத்தொகுப்பியின் உள்ளமைப்பைக் கற்பிக்கும் பயிலரங்குகளை நடத்தியது. சென்னைத் தொழினுட்ப நிறுவகத்தில் காமகோடி குழுவினர் உருவாக்கிய சக்தி என்னும் செயலிகள் திறந்த கட்டமைப்பான றிஸ்க்-ஐந்தைத் தழுவியவை. 2018 இல் அவர்களது சோதனைச் சில்லு ஒன்றில் லினக்ஸ் இயங்கியது. அக்கட்டமைப்புக்கான ஆதரவு முந்திய ஆண்டே, 7 ஆம் பதிப்பில், ஜீ.சீ.சீ.யிற் சேர்ந்திருந்தது. சில்லைச் செய்வது பெருஞ் சாதனை. தொகுப்பி இல்லாச் சில்லு ஊமை.

இலங்கையில் பிறந்த சமன் அமரசிங்க மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் தொகுப்பி ஆய்வின் முன்னணியில் நிற்கிறார். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் இலங்கைத் தன்னார்வலர் உருவாக்கிய சகானா என்னும் இடர் முகாமைத்துவ மென்பொருள், 2006 ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அமைப்பின் சமூகநல விருதைப் பெற்றது. குடாநாட்டைப் பொறுத்தவரை 2002 ஆம் ஆண்டின் போர்நிறுத்தமும் ஏ9 பாதைத் திறப்பும் முதல் வாயில். அதன் பின்னரும் 2006 முதல் 2009 வரை பாதை மூடப்பட்டது. இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறை திருநெல்வேலியிலும், பொறியியற் பீடத்தின் கணினிப் பொறியியற் றுறை கிளிநொச்சி அறிவியல் நகரிலும் மாணவரைப் பயிற்றுகின்றன.

அம்மாணவர் நெருக்கடியை ஏட்டில் மாத்திரம் படித்தவரல்லர். 2022 மார்ச் இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் தடைப்பட்டது. அந்நியச் செலாவணி அருகியமையால் வெளிநாட்டு மென்பொருளுக்கான கட்டணமும் எளிதிற் செலுத்த இயலாததாயிற்று. பழைய மடிக்கணனியில் ஜீ.சீ.சீ.யை மூன்று படியும் கட்டி முடிக்கப் பல மணி நேரம் செல்லும். மின்சாரம் இடையில் நின்றால் எல்லாம் மீளத் தொடங்க வேண்டியதில்லை: 1976 இல் ஸ்ருவட் பெல்ட்மன் பெல் ஆய்வுகூடத்தில் எழுதிய மேக் என்னும் கருவி, கோப்புகளின் நேரக்குறிப்பை ஒப்பிட்டு, முடிந்தவற்றை விட்டு முடியாதவற்றை மாத்திரம் எடுக்கும். அரைகுறையாய் நின்ற ஒன்றிரண்டு கோப்பை அழித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தடை என்பது மின்சாரத்தால் மட்டும் வருவதன்று. 2019 சூலையில் ஐக்கிய அமெரிக்காவின் வணிகத் தடைச் சட்டங்களின் பேரில் ஈரான், சிரியா, கிறிமியா ஆகிய இடங்களிலிருந்த நிரலாளர் சிலரின் கிற்ஹப் கணக்குகள் கட்டுப்படுத்தப்பட்டன. மூலத்தின் பிரதியைத் தம் வன்தட்டில் வைத்திருந்தோர் தம் வேலையைத் தொடர்ந்தனர். தடைப்பட்டியல் என்னும் சொல்லின் பொருளை விளக்க வேண்டாத சில இடங்களுள் குடாநாடும் ஒன்று.

எஞ்சியது மொழி. மேற்றிசை அறிவை அதன் மூலத்திலிருந்து தமிழில் கட்டும் முயற்சிக்குக் குடாநாட்டில் முன்னோடி உண்டு. 1847 இல் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் மருத்துவக் கல்வியைத் தொடக்கி, 1860களில் அதனைத் தமிழில் நடத்தினார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் உருவாயின. கெமிஸ்தம் என்னும் பெயரே காட்டுவது போல, சொல் கிடைத்தவிடத்து ஆக்கியும் கிடையாதவிடத்து ஒலிபெயர்த்தும் அவர்கள் சென்றனர். வேலை நடக்க வேண்டும் என்பதே முதல் விதியாயிருந்தது.

கணனித் துறையில் அந்நெறியில் வந்தது முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் என்னும் நிரல்மொழி. 2009 இல் அதுபற்றிய கட்டுரையும், 2013 இல் கட்டற்ற உரிமத்தோடு மூலநிரலும் வெளியாயின. அது தொகுப்பி அன்று. பைதன் மொழியில் எழுதப்பட்ட, வரிவரியாக விளக்கி இயக்கும் வகையைச் சேர்ந்தது. அதன் சிறப்பு வேறிடத்தில் உள்ளது. நிபந்தனையை முதலிற் கூறி, ஆனால் என்னும் சொல்லை அதன்பின் வைக்கும் அமைப்பு, தமிழ் வாக்கியத்தின் இயல்பான முடிபைத் தழுவியது. சொல்லை மாத்திரம் மொழிபெயர்த்து ஆங்கிலத் தொடரமைப்பை அப்படியே விடும் முயற்சிகளைவிட இது மேம்பட்டது.

பெருந் தொகுப்பிகளிலும் தமிழுக்கு ஒரு வழி திறந்துள்ளது. 2020 இல் வெளிவந்த ஜீ.சீ.சீ. 10 பதிப்புக்கு முன், சி மொழி நிரலில் மாறி ஒன்றுக்குத் தமிழ்ப் பெயரிட விரும்பினால் ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஒருங்குறி எண்ணாக எழுத வேண்டியிருந்தது. அப்பதிப்பிலிருந்து தமிழ் எழுத்தை நேரே எழுதலாம். ஆயினும் கொம்பும் காலும் சேர்ந்த உயிர்மெய்களில் ஒரு நுட்பம் உண்டு. கொடி என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தொகுப்பிக்கு வெவ்வேறு பெயர்கள். இரண்டாவது வகையைக் கண்டால் ஜீ.சீ.சீ. எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையின் காரணத்தை விசைப்பலகை முன் இருக்கும் தமிழ் மாணவர் எவரினும் நன்கு அறிபவர் இலர்.

அவ்வெச்சரிக்கை அவருக்கு ஆங்கிலத்திலேயே வரும். ஜீ.சீ.சீ.யின் செய்திகள் மூலநிரலிலிருந்து பிரிக்கப்பட்டு, மொழிக்கொரு கோப்பாகத் தன்னார்வலரால் மொழிபெயர்க்கப்படுகின்றன. ஜெர்மன், பிரெஞ்சு, சுவீடிஷ், ரஷ்யன், துருக்கி, வியட்நாம், ஜோர்ஜியா மொழிகளுக்கு அத்தகைய கோப்புகள் தொகுப்பியோடு சேர்ந்தே வருகின்றன. தமிழுக்கு இதுவரை கோப்பு இல்லை. அதனைத் தொடங்குவதற்குத் தொகுப்பியின் உள்ளமைப்பை முற்றாக அறிந்திருக்க வேண்டியதில்லை. செய்திகளோ ஆயிரக்கணக்கானவை; ஆண்டுதோறும் புதிய பதிப்போடு புதியவை சேரும், பழையவை மாறும். ஆதலால் அதனை எழுதித் தருபவரோடு, அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தன் பொறுப்பென ஏற்றுப் பேணுபவர் ஒருவரும் வேண்டும்.